பொங்கிய கிடாரமும் பக்கத்துக் கிடாரமும்

தோல் கிளினிக்குக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்.

உங்களில் பாதிப்பேர் இதைத் தண்டனை என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் சிற்றூழியனாகச் சேர்ந்தவர்களில் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போனவனுக்கு ஊரில் மரியாதை. தோல் கிளினிக்குக்குப் போனவனுக்கு வீட்டிலேயே மரியாதை இல்லை. என் மனைவி ஆரம்பத்தில் என் தேத்தண்ணிக் கோப்பையைத் தனியாக வைத்தாள். போட்டிருந்த சேட்டை வாசலிலேயே கழற்றச் சொன்னாள். பிறகு அவள் காலில் படை வந்தது. என்னிடம்தான் மருந்து கேட்டாள். கோப்பை பழைய இடத்துக்கு வந்தது.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். எழுதுங்க என்றாள். அதனால் எழுதினேன். ஏன் கேட்டேன் என்பது போகப் போக விளங்கும்.

கட்டு அவிழ்ப்பது, மருந்து பூசுவது, ஆட்களை வரிசையில் கூப்பிடுவது எல்லாம் தானாகக் கைக்கு வரும். அதை நான் சொல்லித்தரத் தேவையில்லை. வாய்தான் வராது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நம் ஆஸ்பத்திரிக்கு வரும் டொக்டர்மார் பெரும்பாலும் சிங்களம். வரும் சனம் பெரும்பாலும் தமிழ் கதைக்கிற சனம். உப்பளத்தில் பாதம் வெடித்தவர்கள் வருவார்கள். இறால் உரிக்கிற பெண்கள் வருவார்கள். உச்சமுனைத் தீவிலிருந்து வந்தவர் படகு போய்விடும் என்று எல்லாருக்கும் முன்னால் நிற்பார். டொக்டர் சொல்வதை அவர்களுக்கும், அவர்கள் சொல்வதை டொக்டருக்கும் சொல்வது நாம்தான். சம்பளத்தில் அந்த வேலை இல்லை. ஆனால் அதுதான் வேலை.

யுத்தம் முடிந்து சில வருடம் இருக்கும். நான் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவன். திரும்பிப் போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் போகவில்லை. அப்போது எங்கள் கிளினிக்கில் இருந்தவர் ஒரு சிங்கள டொக்டர். இளம் வயது. எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். கொஞ்சம் தமிழ் தெரியும். கேட்டால் விளங்கும், கதைக்க வெட்கம்.

நோன்பு வர இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. கிளினிக் முடிகிற நேரம் சுபைர் நானா வந்தார். கடைசி ஆளாகச் சுவரோர மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் ஷொப்பிங் பேக்குக்குள் விட்டு மணிக்கட்டில் முடிச்சுப் போட்டிருந்தார்.

சுபைர் நானாவைத் தெரியாதவர் எங்கள் பக்கத்தில் இல்லை. கலியாண வீட்டுச் சமையல்காரர். நோன்பு மாதத்தில் எங்கள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவர். இரண்டு கிடாரத்தில் காய்ச்சுவார். கிடாரம் என்றால் ஒரு ஆள் உள்ளே குந்தலாம், அவ்வளவு பெரிய பானை. பின்நேர அசர் தொழுகை முடிந்ததும் சனம் வாளி கொண்டு வந்து வாங்கிப் போகும். வேறு பள்ளி ஆட்களும் எங்கள் வரிசையில் நிற்பார்கள். மற்ற மாதங்களில் அவர் சாதாரண மனிதர். அந்த மாதத்தில் ராசா.

பேக்கை அவிழ்த்தேன். கை சிவந்து வீங்கியிருந்தது. விரலெல்லாம் சின்னச் சின்னக் கொப்புளம். சில உடைந்து நீர் வடிந்தது.

மிஸ் பார்த்தார். "எக்சிமா" என்றார். நான் அதை அப்படியே சொன்னேன்.

"அது என்னது?"

"தோல் வருத்தம், நானா."

"தோல்ல வருத்தம் எண்டு தெரிஞ்சுதானே இஞ்ச வந்த. அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?"

"பேருக்கெல்லாம் அர்த்தம் இரிக்கா நானா? உங்கட பேருக்கு அர்த்தம் தெரியுமா?"

"தெரியும். வாப்பா பாத்துத்தான் வச்ச. வருத்தத்துக்குப் பேர் வச்சவனும் பாத்துத்தானே வச்சிருப்பான்."

மிஸ் என்னைப் பார்த்தார். என்ன கேட்கிறார் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். இதுவரை யாரும் கேட்டதில்லை, படிக்கும்போது சொல்லித் தந்தார்கள், மறந்துவிட்டது, அடுத்த கிளினிக்கில் சொல்கிறேன் என்றார். பூசுவதற்கு மருந்து எழுதினார். தொற்றாது என்றும் சொன்னார். அதையும் நான் சொன்னேன். சுபைர் நானா தலையாட்டினார். ஆனால் அவர் மனம் பேரிலேயே நின்றது. பூசினால் நோன்பு முறியுமா என்று மட்டும் கேட்டார். முறியாது என்றேன். அதை மௌலவியிடம் நான் முன்பே கேட்டு வைத்திருந்தேன். நீங்களும் இப்படிச் சிலதைக் கேட்டு வையுங்கள். பள்ளியில் கேட்க வெட்கப்படுகிறவன் நம்மிடம்தான் கேட்பான்.

அவர் அந்தப் பேரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவியிடம் சொன்னார். மனைவி பக்கத்து வீட்டில் சொன்னாள். பேர் இங்கிலீஷில் இருந்தால் வருத்தம் பெரிது என்பது எங்கள் சனத்தின் கணக்கு. அர்த்தம் தெரியாத பேருக்கு ஆளுக்கொரு அர்த்தம் வைத்தார்கள். நல்ல அர்த்தம் ஒருவரும் வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஹாஜியார் வந்து தோளில் கை போட்டார். பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு அவர்தான் தலைவர். கருவாட்டு யாவாரி. நல்ல மனிதர். குரல் மட்டும் பெரிசு.

"தம்பி, சுபைர்ட கைக்கு என்ன?"

"அவர்ட்ட கேளுங்க, ஹாஜியார்."

"அவன்ட்டக் கேட்டன். என்னமோ ஒரு பேர் செல்றான். அவனுக்கே விளங்கல்ல. நீ கிளினிக்கில தானே நிக்கிற?"

"ஓம்."

"அப்ப தெரியும்."

"நான் செல்ல ஏலாது."

"நான் என்ன அவன்ட சொத்தையா கேக்கிறன்? தொத்துமா, தொத்தாதா? ஒரு சொல்லு. அந்தக் கையாலதானே தேங்காப்பால் புழியிறான். முழு ஊரும் குடிக்கிற கஞ்சி."

சுற்றிவரப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். செருப்பு கிடைத்தவர்களும் போகவில்லை.

தம்பிமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தொற்றாது என்று எனக்குத் தெரியும். ஒரு சொல் சொன்னால் சுபைர் நானா தப்பிவிடுவார். சொல்வதற்கு நாக்கு நுனிவரை வந்தது.

ஆனால் அந்த வாரம் எங்கள் வாங்கில் இன்னொருவர் இருந்தார். எங்கள் தெருதான். தொழுநோய். மருந்து தொடங்கியாகிவிட்டது. மருந்து தொடங்கினால் அதுவும் மற்றவருக்குப் போகாது. சுகமாகிவிடும். ஆனால் அந்தப் பேரைக் கேட்டால் ஊர் அதற்குப் பிறகு எதையும் கேட்காது. இன்றைக்கு ஹாஜியார் சுபைரைக் கேட்கிறார். நான் "தொத்தாது" என்கிறேன். நாளைக்கு அந்த ஆளைக் காட்டிக் கேட்பார். நான் வாயை மூடுவேன். மூடினால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் விளங்கிவிடும். ஒருவருக்கு வாயைத் திறந்தால் மற்றவரைக் காட்டிக்கொடுத்த மாதிரி.

"செல்ல ஏலாது" என்றேன். செருப்பை விட்டுவிட்டு நடந்தேன். வெயிலில் கால் சுட்டது.

பின்னால் ஒருவர் சொன்னது கேட்டது. "அவன் செல்லாததே போதும். வெளங்குது."

அன்றைக்கே நிர்வாகம் கூடியது. இந்த வருடம் கஞ்சிக்கு வேறு ஆள் என்று முடிவெடுத்தார்கள். ஹாஜியாரின் மச்சான். கருவாடு காயவைக்கிற வாடியில் வேலையாட்களுக்குச் சமைக்கிறவர்.

அடுத்த கிளினிக்குக்கு சுபைர் நானா முதல் ஆளாக வந்தார். என்னைப் பார்த்து சலாம் சொல்லவில்லை.

"ஒரு சொல்லுத்தானே தம்பி. உனக்கு வாயில புண்ணா?"

"இல்ல நானா."

"எத்தன வருசம் என்ட கஞ்சி குடிச்ச?"

"வந்த வருசத்தில இருந்து."

"அந்த வாயத்தானே மூடிக்கிட்டு நிண்ட."

வாங்கில் இருந்த ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு மெதுவாகச் சொன்னேன். "உங்கட வருத்தம், நானா. நீங்கதான் செல்லணும். நான் செல்றது களவு."

"நான் என்னத்தச் செல்ல? எக்சிமா எண்டு செல்லவா? செல்லிப் பாத்தன். மச்சினன் வீட்டுல கதிரைய இழுத்துத் தூரப் போட்டான். பேர் எனக்கே விளங்கல்ல. விளங்காத ஒண்ட எப்பிடி அடுத்தவனுக்கு விளங்கப்படுத்துற?"

அவர் சொன்னது சரி. பேரைக் கொடுத்தோம். பேரோடு கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை.

உள்ளே போனோம். மிஸ் மறக்கவில்லை. கேட்காமலே தொடங்கினார். கிரேக்கம் என்று ஒரு நாடு. இந்தப் பேர் அவர்களுடைய பழைய பாஷை. முதல் துண்டுக்கு வெளியே என்று அர்த்தம். அடுத்த துண்டுக்குக் கொதிப்பது. இரண்டும் சேர்ந்தால், கொதித்து வெளியே வருவது. சோறு பொங்கி வழிந்தால் சிங்களத்தில் சொல்வார்களே, உத்துரனவா, அதுதான் என்றார். கையைக் குவித்துப் பானை மாதிரிப் பிடித்து விரல்களை மேலே விரித்துக் காட்டினார். தோல் சிவக்கும், சூடாகும், கொப்புளம் குமிழி மாதிரி வரும், உடைந்து வழியும். அந்தக் காலத்து ஆட்கள் கண்ணால் பார்த்ததை அப்படியே பேராக வைத்துவிட்டார்கள் என்றார்.

நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. சுபைர் நானாவுக்குக் கையசைவே போதும். தன் கையைப் பார்த்தார்.

"பொங்கி வழியிறது."

"ஓம்."

"அப்ப இத வச்சவன் ஒரு சமையக்காரன்."

மிஸ்ஸுக்குச் சொன்னேன். சிரித்தார். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் கதைத்த கதை ஒரு குசினிக்குள் நடக்கிற கதை மாதிரி இருந்தது. இவர் கேட்டார், தீ எங்கே. மிஸ் சொன்னார், வெள்ளைப்பூண்டு. உரித்து உரித்து விரல் வெந்துபோயிருக்கிறது. அதோடு முழு நாளும் ஈரம், சாம்பல், சவர்க்காரம். எல்லாம் விறகு. இவர் கேட்டார், அப்ப இந்தப் பூசுற மருந்து. மிஸ் சொன்னார், அது பொங்குவதை அடக்கும், விறகை இழுக்காவிட்டால் திரும்பப் பொங்கும். இவர் மேசையில் கிடந்த ஷொப்பிங் பேக்கைக் காட்டினார். இது மூடியா? ஓம், மூடி என்றார் மிஸ். மூடி போட்டால் இன்னும் பொங்கும். பருத்திக் கையுறை போடச் சொன்னார். தண்ணீரும் பூண்டும் தொட வேண்டாம் என்றார்.

போகும்போது சுபைர் நானா கேட்டார்.

"தம்பி, ஒரு பானை பொங்கினா மத்தப் பானைக்குத் தொத்துமா?"

"உங்களுக்குத் தெரியாததா, நானா."

சலாம் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் நோன்பு. அசருக்கு முன்னமே வாளிகள் வரிசையில் வந்துவிட்டன. ஆளுக்குப் பதிலாக வாளி நிற்பது எங்கள் வழக்கம். சுபைர் நானாவும் ஒரு வாளி கொண்டு வந்து எல்லாரையும் போலக் கடைசியில் வைத்தார். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். பலர் பார்த்தார்கள். அவருடைய வாளிக்குப் பின்னால் வாளி வைக்க வந்த ஒருவர் கொஞ்சம் தள்ளி வைத்தார். அவர் அதையும் பார்த்தார்.

இனிச் சொல்வது கஞ்சி காய்ச்சுகிறவர்களுக்குத் தெரிந்த விசயம். தேங்காய்ப்பால் விட்ட பிறகு கிடாரத்தைத் தனியே விடக்கூடாது. சுபைர் நானா ஒருநாளும் அசரை ஜமாஅத்தோடு தொழுததில்லை. சனம் தொழுது முடித்து வந்த பிறகு ஒருவரை அடுப்படியில் நிறுத்திவிட்டுத் தனியாகத் தொழுவார். புதிய ஆளுக்கு அது தெரியாது. முதல் நோன்பு, முதல் வரிசையில் நிற்போம் என்று வந்துவிட்டார். காகம் வாய் வைக்கும் என்று ஒரு கிடாரத்துக்கு மூடி போட்டார். மற்றதுக்கு மூடி கிடைக்கவில்லை.

கடைசி ரக்அத்தில் வாசனை வந்தது. கஞ்சி வாசனை இல்லை. கருகிய வாசனை. சலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் முழு ஜமாஅத்தும் பின்பக்கம் ஓடியது. துஆ கேட்க இமாமும் இரண்டு கிழவர்களும் மட்டும் மிச்சம்.

மூடி ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. கஞ்சி கிடாரத்தின் நாலு பக்கமும் வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. புகையும் சாம்பலுமாக நிலமெல்லாம் கஞ்சி. ஹாஜியாரின் மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் கிடாரம் ஒரு தொந்தரவும் இல்லாமல் மெதுவாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

சுபைர் நானா முன்னால் வந்தார். பக்கத்து அடுப்பில் நீட்டிக்கொண்டிருந்த விறகைக் காலால் வெளியே தள்ளினார். தீ அடங்கியது. பிறகு திரும்பினார்.

"ஹாஜியார், என்ட கைக்கு என்ன எண்டுதானே எல்லாரும் கேட்ட?"

"இப்ப அந்தக் கதையா சுபைர்?"

"இப்பதான். இதப் பாருங்க. என்ட கைக்கு வந்தது இதுதான்." வழிந்த கிடாரத்தைக் காட்டினார். "டொக்டர் சென்ன பேர் எக்சிமா. பழைய பாஷை. அர்த்தம், பொங்கி வழியிறது. இந்த அடுப்புல விறகு கூடிட்டு. என்ட கையில வெள்ளப்பூடு கூடிட்டு. உங்க எல்லாருக்கும் உரிச்ச பூடு."

கையுறை போட்ட விரலைப் பக்கத்துக் கிடாரத்தின் பக்கம் நீட்டினார்.

"இந்தக் கிடாரம் பொங்கி எல்லாத்தையும் கெடுத்துட்டு. சரி. பக்கத்துக் கிடாரத்துக்குத் தொத்தினதா?"

எல்லாரும் பக்கத்துக் கிடாரத்தைப் பார்த்தார்கள். அது தன்பாட்டில் இருந்தது. யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு இன்னொருவர். நோன்பாளிகள் அசருக்குப் பிறகு அவ்வளவு சிரித்து நான் கண்டதில்லை.

ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் கிடாரத்தைப் பார்த்தேன்.

"நாளைக்கு நீ காய்ச்சு" என்றார் ஹாஜியார். "ஆனா தேங்காப்பாலுல கை..."

"நான் கை வைக்க மாட்டன். டொக்டர் தண்ணியும் பூடும் தொடவாணாம் எண்டுட்டா. கை நீங்க வையுங்க. நான் வாய் வைக்கிறன்."

மறுநாள் பள்ளிவாசலின் பின்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அதில் வெள்ளைக் கையுறையோடு சுபைர் நானா. நிர்வாக சபை முழுக்கக் கீழே குந்திக்கொண்டிருந்தது. இரண்டு பேர் தேங்காய் துருவினார்கள். இரண்டு பேர் பால் பிழிந்தார்கள். ஹாஜியார் வெள்ளைப்பூண்டு உரித்தார்.

"ஹாஜியார், தோல் ஒட்டிக் கிடக்கு. கருவாட்டுச் செதிலையும் இப்பிடியா எடுப்பீங்க?"

"பேசாம இரி, சுபைர்."

"அதுதானே டொக்டர் எனக்குத் தந்த வேல. பேசுறது."

மாதம் முழுக்க இப்படித்தான் போனது. கஞ்சி பழைய கஞ்சி. தள்ளி வைத்த வாளி கிட்ட வந்தது. கையும் ஆறி வந்தது.

பெருநாள் முடிந்து வந்த கிளினிக் அன்று நல்ல கூட்டம். ஆட்கள் கரைந்த பிறகு கடைசியாக ஒருவர் வந்தார். தொப்பியைப் புருவம் வரை இழுத்திருந்தார். வலது கை ஷொப்பிங் பேக்குக்குள்.

"மூடி போடாதீங்க, ஹாஜியார்" என்றேன். "கூடப் பொங்கும்."

அக்கம்பக்கம் பார்த்தார். குரலை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தார். குறைத்தும் மருந்தகம் வரை கேட்டிருக்கும்.

"தம்பி, யாருக்கும் செல்லிராத. சுபைர் கேட்டாலும்."

"செல்ல மாட்டன்."

"அவன் கேட்டா விடமாட்டான். வாழ்நாள் முழுக்கச் செல்லிக் காட்டுவான்."

"எனக்கு ஒண்டும் தெரியாது, ஹாஜியார்."

என்னையே பார்த்தார். "அண்டைக்குச் செருப்ப விட்டுட்டுப் போனியே. இப்பிடித்தானா?"

நான் அவருடைய பேரை வரிசையில் எழுதினேன்.

பிறகு அவரே ஒரு கலியாண வீட்டில் சுபைர் நானாவிடம் மாட்டிக்கொண்டார். இப்போது இருவரும் சேர்ந்தே அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதனால்தான் இங்கே எழுத முடிந்தது.

ஒன்று மிச்சம். இதற்கும் உரியவரிடம் கேட்டுவிட்டேன், பேர் மட்டும் வேண்டாம் என்றார். அன்றைக்கு ஹாஜியார் உள்ளே போக வாங்கில் காத்திருந்தார். அப்போது மாத்திரை எடுக்க அந்த இன்னொருவர் வந்தார். எங்கள் தெரு ஆள். ஹாஜியாருக்கு நன்றாகத் தெரிந்த ஆள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வந்த ஆள் வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். கேட்க வாயைத் திறந்தார். பேக்குக்குள் இருந்த தன் கையைப் பார்த்தார். வாயை மூடினார்.

பிறகு சலாம் சொல்லி, வாங்கின் ஓரத்துக்கு நகர்ந்து, அவருக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டார்.